தூக்கணாங்குருவியும் காலிக் கொட்டானும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் முளைத்து மூன்றாவது மழைக்காலத்தில், நாரப்பன் என்றொரு தூக்கணாங்குருவி கடை வைத்திருந்தான். கடை என்றதும் பலகையையும் படிக்கல்லையும் தேட வேண்டாம். கடை போனுக்குள் இருந்தது. சரக்கும் போனுக்குள்தான் இருந்தது. ‘பதினெட்டு முடிச்சில் பக்கா கூடு’ என்று ஒரு வீடியோ பாடம். நாற்பது நெல்மணி கட்டினால் பாடம் வாங்கியவர் போனில் வந்து இறங்கும். அதில் நாரப்பன் பனையோலை நுனியில் தலைகீழாகத் தொங்கியபடி ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுக் காட்டுவான்.

வேலை தெரிந்தவன்தான். அவர்கள் இனத்தில் ஆண்தான் கூடு கட்ட வேண்டும். பாதி கட்டியதும் பெண் வந்து பார்ப்பாள். உள்ளே ஒரு சுற்று, வெளியே வந்து நாரைப் பிடித்து ஒரு இழு. பிடித்தால் தங்குவாள், பிடிக்காவிட்டால் பறந்துவிடுவாள். ஏன் எதற்கு என்ற பேச்சே கிடையாது. நாரப்பனின் மனைவி அஞ்சலை அப்படி நான்கு கூடுகளை இழுத்துப் பார்த்துவிட்டுப் பறந்தவள். ஐந்தாவதில் தங்கினாள். அந்த ஐந்தாவது கூட்டின் கட்டுமானத்தைத்தான் அவன் படம் பிடித்து விற்றுக்கொண்டிருந்தான்.

படத்தில் ஒரே ஒரு குறை. ஏழாவது முடிச்சு போடும் நேரம் பனம்பூவின் தூள் மூக்கில் ஏறி, நாரப்பன் தும்மிவிட்டான். தும்மிய வேகத்தில் வலப்பக்கம் போக வேண்டிய நார் இடப்பக்கம் போய்விட்டது.

“திரும்ப எடுங்களேன்” என்றாள் அஞ்சலை.

“இத்தனூண்டு தும்மலை யாரு கவனிக்கப் போறா” என்றான் நாரப்பன்.

அந்த வருஷம் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அதற்குக் காரணம் காக்கைகள். காக்கைகள் சங்கம் கூடித் தீர்மானம் போட்டு, தங்கள் கூடுகளில் எல்லாம் கேமரா மாட்டிவிட்டன. பாவம், குயில்கள் என்ன செய்யும்? தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வீட்டில் முட்டை வைத்துப் பழகிய கை. இப்போது சொந்தமாகக் கட்டினால்தான் வீடு என்றாகிவிட்டது. ஆளாளுக்கு நாரப்பனின் பாடத்தை வாங்கினார்கள்.

அவர்களில் ஒருத்தி குழலரசி. புள்ளிச் சேலை உடுத்தினது மாதிரி உடம்பு, சிவந்த கண். பாட்டெல்லாம் அவள் வீட்டுக்காரர் துறை, பேச்சு அவளுடையது. பேசினால் தேன்தான். வாங்கிய அன்றே ‘மாஸ்டர், அருமை’ என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டாள்.

பதினைந்து நாள் கழித்து நாரப்பனின் போன் கிணுகிணுத்தது. குறுக்குப்பாலத்திலிருந்து கடிதம்.

குறுக்குப்பாலம் யார் என்று சொல்லிவிடுகிறேன். காட்டில் வாங்குகிறவர் நெல்லை நேராக விற்கிறவர் கையில் கொடுப்பதில்லை. நடுவில் குறுக்குப்பாலம் என்று ஒரு கம்பெனி. வாங்கி, இரண்டு மணியைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, மீதியை இந்தப் பக்கம் தள்ளிவிடும். சண்டை வந்தால் பஞ்சாயத்தும் அதுதான். வாங்கியவர் ‘சரக்கு வரவில்லை’ என்று வாபஸ் மனு போடலாம். போட்ட நிமிஷமே நெல் அவரிடம் திரும்பிப் போய்விடும். வந்தது உண்மைதான் என்று காட்டுகிற பாடு விற்றவருடையது. ஒரு மழைக்காலத்தில் மூன்று மனுக்களில் தோற்றால் கடையை மூடிவிடுவார்கள்.

கடிதத்தில், குழலரசி என்பவர் தங்களிடம் வாங்கிய சரக்கு வந்து சேரவில்லை என மனு செய்துள்ளார் என்று இருந்தது.

நாரப்பன் அதை நான்கு தடவை படித்தான். பிறகு அஞ்சலையிடம் காட்டினான். அவள் மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். வயலில் நாற்று அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. புது நெல்லுக்குத் தை மாதம் வரை போக வேண்டும். அதுவரை குஞ்சுகளுக்கு வாய் நிறைய வேண்டுமென்றால் கடையில் வரும் நெல்லை விட்டால் வேறு வழி இல்லை.

“முதல்ல அந்தப் பொம்பளைகிட்ட நேர்ல கேட்டுப் பாருங்க. பாடம் போய்ச் சேராமக்கூட இருந்திருக்கலாம்” என்றாள் அஞ்சலை. நியாயமான பேச்சு.

நாரப்பன் பறந்து போனான். குழலரசி ஒரு கருவேல மரத்தில் இருந்தாள். நாரப்பன் பாடத்தில் சொன்ன அதே கூடு, அதே வாசல், கீழே தொங்கும் அதே குழாய். குயிலுக்கு அது கொஞ்சம் இறுக்கம். தலை உள்ளே, வால் வெளியே என்று உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, பாடம் வந்துச்சுங்களா?”

“எந்தப் பாடம், மாஸ்டர்?” என்றது வால்.

“நீங்க இப்ப உட்கார்ந்திருக்கீங்களே, அந்தப் பாடம்.”

குழலரசி மெல்லத் திரும்பித் தலையை வெளியே நீட்டினாள். “ஓ, இதைச் சொல்றீங்களா. இது எங்க பரம்பரை டிசைனுங்க.”

“அக்கா, உங்க பரம்பரையில யாரு கூடு கட்டினது?”

“யாரும் கட்டல. அதனாலதான் டிசைன் தேயாம பத்திரமா இருந்துச்சு.”

“போயிட்டு வரேங்க அக்கா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினான் நாரப்பன். “மாஸ்டர், ஒரு வாய் அத்திப்பழம் சாப்பிட்டுப் போங்க” என்று குழலரசி உபசரிக்கவும் செய்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தான்.

பதில் கொடுக்க ஏழு நாள் அவகாசம். குறுக்குப்பாலத்தின் படிவத்தைத் திறந்தான். மூன்றே கேள்வி. பார்சலின் எடை என்ன? எடுத்துச் சென்ற கூரியர் யார்? பெற்றுக்கொண்டவரின் கால்ரேகை எங்கே?

எடை என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினான். படிவம் சிவந்து, ‘எண்ணால் எழுதவும்’ என்றது. பூஜ்ஜியம் போட்டான். ‘பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது’ என்றது. பாடத்தின் எடை என்ன இருக்கும் என்று அஞ்சலையைக் கேட்டான். அவள் முட்டைகளைத் திருப்பிப் போட்டபடி, “தும்மலோட சேர்த்தா, சேர்க்காமலா?” என்றாள்.

வேறு வழியில்லாமல் கீழே இருந்த குறிப்புக் கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதினான். பாடம் எந்த நாள் எந்த நேரம் இறங்கியது, எத்தனை தடவை ஓடியது, எல்லாம் அவன் போனில் பதிவாகியிருந்தது. குழலரசி பாடத்தைப் பதினோரு தடவை பார்த்திருந்தாள். ஏழாவது முடிச்சை மட்டும் முப்பத்திரண்டு தடவை.

ஆறாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் கச்சபேசன். குறுக்குப்பாலத்தின் விசாரணை அதிகாரி, ஆமை. ‘தாங்கள் அனுப்பிய பதிவைக் கண்டோம். பாடத்தைக் கைபேசி பெற்றுக்கொண்டதாகத் தெரிகிறது. வாடிக்கையாளர் பெற்றாரா என்பது தெரியவில்லை. நேரில் வந்து விசாரிக்கிறோம்.’

பதினெட்டாம் நாள் கச்சபேசன் வந்து சேர்ந்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது, கிளம்பியது கடிதம் போட்ட அன்றேதான். கருவேல மரத்தடியில், சுமந்து வந்த முதுகோட்டை இறக்கி வைத்த மாதிரி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, குழலரசியைக் கீழே அழைத்தார்.

“அம்மா, இந்தக் கூட்டைத் தாங்களே கட்டினீர்களா?”

“ஆமாங்கய்யா. பரம்பரை டிசைன்.”

நாரப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “சார், ஒரே ஒரு கூடு, சின்னதா, என் முன்னாடி கட்டச் சொல்லுங்க. ஏழு முடிச்சு போதும்.”

குழலரசி சிரித்தபடி நாரை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நல்ல கை வாகு, சொல்லிக்கொடுத்தவன் நல்லவன் இல்லையா. நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவது வந்தது. குழலரசி நாரை நிறுத்தினாள். மூக்கை மேலே தூக்கினாள். கண்ணை மூடி, உடம்பு குலுங்க ஒரு தும்மல் தும்மினாள். நாரை இடப்பக்கம் இழுத்து முடிச்சைப் போட்டாள்.

மரத்தில் இருந்த மற்ற குயில்கள் எல்லாம், “சரியாத்தான் தும்மினா” என்று தலையாட்டின. அந்தக் காட்டில் அதுவரை பாடம் வாங்கிய அத்தனை பேரும் ஏழாவது முடிச்சில் தும்மித்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது நாரப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தும்மல் வராதவர்கள் மூக்கில் புல் விட்டுக்கொண்டார்களாம்.

“பாருங்க சார்” என்றான் நாரப்பன். “அது என்னோட தும்மல். என் பாடத்தைப் பார்க்காதவங்க யாரும் அங்க தும்ம மாட்டாங்க. வலப்பக்கம் போக வேண்டிய நாரு அது. நான் தப்பா விட்டதை அப்படியே விட்டிருக்காங்க.”

கச்சபேசன் குழலரசியைப் பார்த்தார். குழலரசி தன் கால் நகத்தைப் பார்த்தாள்.

“தாங்கள் சொல்வது உண்மை” என்றார் கச்சபேசன். நாரப்பனின் நெஞ்சு கூடு மாதிரி உப்பியது. “ஆனால் தங்கள் பதில் ஏழு நாளுக்குள் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். நான் வந்தது பதினெட்டாம் நாள். முதல் மனு பதினோரு நாள் முன்பே தங்களுக்கு எதிராக முடிந்துவிட்டது.”

“லேட்டா வந்தது நீங்கதானே சார்?”

“அவகாசம் விற்பவருக்கு மட்டும்தான். விசாரிப்பவருக்குக் கிடையாது.” பக்கத்தைத் திருப்பினார். “இன்னொன்று. தும்ம வேண்டும் என்று தங்கள் விளம்பரத்தில் எங்காவது சொல்லியிருக்கிறீர்களா?”

“இல்லைங்க. அது பாடமே இல்லைங்க. தும்மல்.”

“ஆக, விளம்பரத்தில் இல்லாதது சரக்கில் இருக்கிறது. நாரும் தப்பான பக்கம் போகிறது என்று தாங்களே ஒப்புக்கொண்டீர்கள். இதற்கு ‘சொன்னபடி இல்லை’ என்று தனி மனு உண்டு. அம்மா, தங்களுக்குச் சம்மதம் என்றால் இப்போதே பதிந்துகொள்கிறேன். மறுபடி ஒரு தடவை நடக்க முடியாது.”

“ஐயா சொன்னா சரிங்க” என்றாள் குழலரசி, ரொம்ப அடக்கமாக.

வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லாரும் அங்கேயே இருந்ததால் இரண்டாவது மனு கால் மணி நேரத்தில் முடிந்தது. நாரப்பன் இரண்டிலும் தோற்றான். இன்னும் ஒன்று விழுந்தால் கடை மூடல்.

வீட்டுக்கு வந்து வாசல் குழாயிலேயே தொங்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அஞ்சலைக்கு விஷயம் தெரிந்தது. மறுநாள் முதல் வேலையாகப் பாடத்தைத் தும்மல் இல்லாமல் புதிதாக எடுத்தான். அதற்கு நான்கு பேர், ‘புதுசில் முக்கியமான கட்டத்தை வெட்டிவிட்டார்கள், பழையதுதான் ஒரிஜினல்’ என்று எழுதினார்கள்.

ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானமே ஒரு புது ஆர்டர். ‘ஒழுகாத கூரைக்கு ஒன்பது முடிச்சு’ என்ற அவனுடைய இரண்டாவது பாடத்துக்கு. வாங்குபவர் பெயர்: குழலரசி. கீழே ஒரு வரி: ‘மாஸ்டர், கூடு ஏழாவது முடிச்சு பக்கம் சொட்டுது. பாடத்தைச் சீக்கிரம் அனுப்புங்க.’

“வாங்க வந்தவங்களைத் திருப்பி அனுப்பக் கூடாதாம். அதுவும் சட்டம்” என்றான் நாரப்பன். “இவ வாங்குவா, கூரையைப் போடுவா, வரலன்னு எழுதுவா. நம்ம கடை முடிஞ்சது அஞ்சலை. நாலு கூட்டை நீ வேண்டாம்னு பறந்தப்பகூட எனக்கு இப்படி இல்ல.”

“அந்த நாலும் கேவலமா இருந்துச்சு. இது வேற” என்றாள் அஞ்சலை. பிறகு கேட்டாள். “ஆமா, அந்தப் படிவத்துல என்ன கேட்டாங்க?”

“எடை, கூரியர், கால்ரேகை.”

“பாடம் வந்துச்சான்னு கேட்டாங்களா?”

நாரப்பன் யோசித்தான். “இல்ல.”

“அப்ப கேட்டதைக் குடுங்க. கேட்காததையே குடுத்துக்கிட்டு இருந்தா யாரு வாங்குவா?”

நாரப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பனையோலையைக் கிழித்து எடுத்தான். கூடு கட்டுகிற கைக்குக் கொட்டான் என்கிற ஓலைப்பெட்டி ஒரு பொருட்டா? பேசிக்கொண்டே, பார்க்காமலே, மூடி போட்ட ஓலைக்கொட்டான் ஒன்றைப் பின்னி முடித்தான். இறுக்கமான பின்னல். தண்ணீர் ஊற்றினாலும் நிற்கும்.

“எடை?” என்றான்.

“நம்ம வீட்டுக்குள்ள எதை வச்சிருக்கோம்?”

தூக்கணாங்குருவிகள் கூட்டின் உட்சுவரில் ஈரக் களிமண்ணை அப்பி வைப்பது வழக்கம். அஞ்சலை அதிலிருந்து ஒரு உருண்டையைப் பெயர்த்துக் கொட்டானின் அடியில் அப்பினாள். இப்போது எடை இருந்தது. வேறொன்றும் இல்லை.

பாடத்தை வழக்கம்போல போனில் அனுப்பினான் நாரப்பன். கொட்டானை ஒச்சப்பனிடம் கொடுத்தான். ஒச்சப்பன் ஒரு நாரைப் பறவை, அந்த வட்டாரத்தின் கூரியர். வாய் அகலம், பேச்சு சுருக்கம். கருவேல மரத்துக்குப் போய்க் கொட்டானை நீட்டினான்.

“என்னப்பா இது?” என்றாள் குழலரசி.

“கொட்டான்.”

“உள்ள என்ன?”

“மண்ணு.”

“மண்ணு எதுக்கு?”

“எடைக்கு. காலை வைங்கம்மா.”

குழலரசி திறந்து பார்த்தாள், மூடினாள், திரும்பத் திறந்து பார்த்தாள். விளங்கவில்லை. சும்மா வருவதை வேண்டாமென்று சொல்லும் பழக்கமும் இல்லை. ஒச்சப்பன் நீட்டிய ஈரச் சேற்றில் காலைப் பதித்தாள்.

மூன்று நாள் கழித்து, நாரப்பன் பயந்த மாதிரியே, மூன்றாவது மனு வந்தது. சரக்கு வரவில்லை. அதே நாளில் மூன்று முட்டைகளும் பொரிந்தன. ஒரு பக்கம் மூன்று வாய் திறந்து கிடந்தது, இன்னொரு பக்கம் படிவம். எடை என்ற இடத்தில் களிமண்ணின் எடையைப் போட்டான். படிவம் சிவக்கவில்லை. கூரியர் என்ற இடத்தில் ஒச்சப்பன் பெயரைப் போட்டான். கால்ரேகையைப் படம் எடுத்து ஒட்டினான். அழகான ரேகை, நான்கு விரலும் தெளிவு.

கச்சபேசன் இந்தத் தடவை மறுநாளே வந்துவிட்டார். போன விசாரணை முடிந்து களைப்பாறியவர் அப்போதுதான் ஊர் திரும்பக் கிளம்பியிருந்தார். ரேகையைப் பார்த்தார். குழலரசியின் காலைப் பார்த்தார்.

“அம்மா, இது தங்கள் கால்தானே?”

“கால் என்னோடதுதாங்கய்யா. ஆனா கொட்டான்ல வெறும் மண்ணுதான் இருந்துச்சு. பாடம் போன்லதான் வந்துச்சு.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

நாரப்பன் துள்ளி எழுந்தான். “கேட்டீங்களா சார், வந்துச்சுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.”

“அமருங்கள்” என்றார் கச்சபேசன். “போனில் வந்ததைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. கொட்டானுக்குள் என்ன இருந்தது என்பதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை. எடை அனுப்பப்பட்டது, எடை பெறப்பட்டது. மனு தள்ளுபடி.” பிறகு நாரப்பன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “தம்பி, முதலிலேயே ஒழுங்காக வியாபாரம் செய்திருந்தால் எனக்கு இந்த அலைச்சல் இல்லை பாருங்கள்” என்றார்.

கடை பிழைத்தது. நாரப்பன் அன்று மூன்று குஞ்சுகளுக்கும் நெல்லைப் பால் பதமாக மென்று ஊட்டினான். அதற்குப் பிறகு எந்தப் பாடம் விற்றாலும் கூடவே ஒரு கொட்டான் போனது. வாபஸ் மனு என்ற பேச்சே நின்றுபோனது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

குழலரசியின் கூரை மறுபடி ஒழுகியது. பாடத்தைப் பார்த்தவள் புதுக் கூரையில் ஒவ்வொரு முடிச்சுக்கும் தும்மியிருந்தாள், பழைய பாடத்தின் மேல் விசுவாசம். சலித்துப்போய், மண் அப்பிய அந்தக் கொட்டானுக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். சொட்டு நீர் இல்லை. அடியில் களிமண் இருந்ததால் காற்றுக்கு ஆடவும் இல்லை. அப்படியே முட்டை வைத்துவிட்டாள். அடுத்தவர் கட்டியதில் வைத்தால்தான் அவளுக்கும் நிம்மதி போலிருக்கிறது. கடைப் பக்கத்தில் போய் எழுதினாள்: ‘பாடம் சுமார். கொட்டான் பிரமாதம்.’ ஐந்து நட்சத்திரம்.

மறுநாள் பதினாறு ஆர்டர். பதினாறும் கொட்டானுக்கு. பாடம் வேண்டாம், கொட்டான் மட்டும் போதும் என்றார்கள். அணில் கேட்டது, மைனா கேட்டது, கேமரா மாட்டிய காக்கைகளே கேட்டன. நாரப்பன் பின்னினான், அஞ்சலை மண் அப்பினாள், ஒச்சப்பன் சேற்றுத் தட்டோடு அலைந்தான். விளம்பரத்தில் இப்போது ஒரே வரி: ‘மூடி போட்ட காலிக் கொட்டான். நாற்பது நெல்மணி.’

ஆனாலும் நாரப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஐந்து கூடு கட்டிக் கற்ற வித்தை சும்மா கிடக்கிறதே என்று இருந்தது. அதனால் கொட்டான் வாங்குகிற எல்லாருக்கும் அந்தப் பதினெட்டு முடிச்சுப் பாடத்தையும் போனில் இலவசமாக அனுப்பிவைத்தான், தும்மல் இல்லாத புதுப் பதிப்பை.

“வேண்டாங்க. கேட்டதை மட்டும் குடுங்க” என்றாள் அஞ்சலை.

“நல்லதுதானே அஞ்சலை. யாரு கவனிக்கப் போறா” என்றான் நாரப்பன்.

அடுத்த வாரம் போன் கிணுகிணுத்தது. மனு போட்டவர் ஒரு காக்கை. ‘காலிக் கொட்டான் என்று சொல்லி விற்றார். கூடவே ஒரு பாடம் வந்துவிட்டது. சொன்னபடி இல்லை.’

தோற்றால் இதுதான் மூன்றாவது. விசாரிக்கக் கச்சபேசன் கிளம்பிவிட்டாராம். இந்தத் தடவை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு கிளம்பியிருக்கிறார், அதனால் வர நாளாகும். தை பிறந்து புது நெல் வருவதற்குள் வந்துவிடுவார் என்று சிலரும், வரமாட்டார் என்று சிலரும் சொல்கிறார்கள். நாரப்பனின் குஞ்சுகள் இறக்கை முளைத்துக் கிளைக்குக் கிளை தாவுகின்றன. அஞ்சலை புதுக் கொட்டான் ஒன்றின் நாரைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீதி: நல்ல சரக்கு வைத்திருப்பவர்கள் அதைப் பத்திரமாக வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பெட்டியை மட்டும் அனுப்பவும். பெட்டி போய்ச் சேர்ந்தால் போதும். பின்னாலேயே நல்லதும் போய்ச் சேர்ந்தால்தான் வம்பு.